ஒரே பந்தி... ஒரே கிண்ணம்!

வெயில் ஏறும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடும். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பந்தல்தான். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் கருநீலப் பழங்களைக் கத்தரியால் நறுக்கி, அழுகலையும் வெடிப்பையும் கழித்து, பெட்டிகளில் அடுக்குகிறார்கள் பெண்கள். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. அந்த மலைக்கு அப்பாலிருந்து வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான் 1895 முதல் இந்த மண்ணுக்கு உயிர்.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்பது அதன் உலகப் பெயர். கவாத்து செய்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பழம் கைக்கு வந்துவிடும் என்பதால், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்போது வெளியான விவரங்களில் ஒரு செய்தி பலரின் கண்ணில் பட்டிருக்கும். இந்த ரகத்தை 1832-ல் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர், பிரான்ஸிலிருந்து வந்த ஒரு பாதிரியார்!

பாதிரியாருக்கும் திராட்சைக் கொடிக்கும் என்ன சம்பந்தம் என்று மற்ற மதத்தவர்கள் கேட்கலாம். கிறிஸ்தவர்கள் கேட்க மாட்டார்கள். திராட்சை ரசம் இல்லாமல் அவர்களின் வழிபாடு நிறைவு பெறாது. கத்தோலிக்கத் திருச்சபை 1983-ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில்கூட, திருப்பலிக்கான அப்பம் கோதுமையால் ஆனதாகவும், ரசம் திராட்சைக் கனியிலிருந்து எடுத்த கலப்படமற்ற ரசமாகவும் இருக்க வேண்டும் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

மூன்று பெயர்கள், ஓர் இரவு

இந்தச் சடங்குக்கு ஒவ்வொரு சபையிலும் ஒரு பெயர். கத்தோலிக்கர்களுக்கு ‘நற்கருணை’. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ‘திருவிருந்து’. பெரியவர்கள் இன்றும் ‘இராப்போஜனம்’ என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் ‘அப்பம் பிட்குதல்’. பெயர்கள் வேறானாலும் எல்லாம் ஒரே இரவைத்தான் குறிக்கின்றன. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு, இயேசு தம் சீடர்களோடு உட்கார்ந்து உணவருந்தினார். அப்பத்தை எடுத்துப் பிட்டு, அது தம் உடல் என்றார். கிண்ணத்தை எடுத்துக் கொடுத்து, அது தம் இரத்தம் என்றார். தம் நினைவாக இதைச் செய்யும்படி சொன்னார்.

அந்த அப்பமும் ரசமும் என்ன ஆகின்றன என்பதில்தான் சபைகளுக்குள் பேதம். குருவானவர் அர்ப்பணிக்கும்போது அவை மெய்யாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்கிறது கத்தோலிக்க நம்பிக்கை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதோடும் அதற்குள்ளும் கிறிஸ்து இருக்கிறார் என்றார் மார்ட்டின் லூதர். இது நினைவுகூர்தல் மட்டுமே என்றார் சுவிட்சர்லாந்தின் ஸ்விங்ளி. இந்த இருவரும் 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் நேருக்கு நேர் உட்கார்ந்து வாதிட்டார்கள். மற்ற விஷயங்கள் எல்லாவற்றிலும் உடன்பாடு வந்தது. இந்த ஒன்றில் மட்டும் வரவில்லை.

ரசத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. புளித்த ரசம் மது அல்லவா, அதை ஆலயத்தில் எப்படிக் கொடுப்பது என்று அமெரிக்க மெத்தடிஸ்ட் சபையினர் தயங்கினார்கள். 1869-ல் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் வழியைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார். இன்றும் பல சபைகளில் கொடுப்பது சாறுதான்.

ஆனால் அப்பத்துக்குள் என்ன நடக்கிறது, கிண்ணத்துக்குள் இருப்பது என்ன என்ற கேள்விகளைத் தாண்டி இன்னொரு கேள்வி உண்டு. தமிழ் மண்ணில் சபைகளை அதிகம் உலுக்கியது அதுதான். அந்தப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது?

இராயப்பருக்கு விழுந்த கண்டனம்

இந்தக் கேள்வி தமிழர்களோடு தொடங்கவில்லை. இயேசுவின் தலைமைச் சீடரான பேதுருவிடமே வந்தது. கத்தோலிக்கர்கள் அன்போடு ‘இராயப்பர்’ என்று அழைத்தவர் இவர்தான்.

அந்தியோக்கியா நகரச் சபையில் யூதர்களும் யூதர் அல்லாதவர்களும் கலந்து இருந்தார்கள். பேதுரு எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து சில யூதர்கள் வந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. மெல்ல எழுந்து தனியே போய்ச் சாப்பிட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். பவுலுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அதை அவரே பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தில் அடுத்து என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். மனிதன் சட்டங்களைக் கடைப்பிடிப்பதால் மீட்பு பெறுவதில்லை, கிறிஸ்துவின் மீது கொள்ளும் நம்பிக்கையால் பெறுகிறான் என்ற தம் மிகப் பெரிய போதனையைப் பவுல் அங்கேதான் எடுத்து வைக்கிறார். லூதரின் சீர்திருத்தத்துக்கே அடிப்படையாக அமைந்த போதனை இது. அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட சம்பவமோ ஒரு பந்தித் தகராறு! மீட்பு எல்லோருக்கும் இலவசம் என்றால், ஒருவன் இன்னொருவனை விலக்கிவிட்டுச் சாப்பிட முடியாது. அப்படிச் சாப்பிட்டால் வாயால் சொன்ன மீட்பைக் கையால் மறுக்கிறான் என்பதே பவுலின் வாதம்.

“நீங்கள் இரட்சிக்கப்பட்டவரா?” என்று கேட்கிற வழக்கம் சில சபைகளில் உண்டு. அது ஒரு தனி மனிதனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. பதிலையும் அவன் ஒருவனே சொல்லிவிட முடியும். ஆனால் திருவிருந்தைத் தனியாக நடத்த முடியாது. அங்கே பக்கத்தில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும்.

‘அபாத்திரம்’ என்றால் என்ன?

பல ஆலயங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். எல்லோரும் எழுந்து பலிபீடத்தை நோக்கிப் போகும்போது, சிலர் மட்டும் தலை குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால், “மனசு சரியில்ல... தகுதி இல்லாம வாங்கக் கூடாது” என்பார்கள். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 11-ம் அதிகாரம்தான் இந்தப் பயத்துக்குக் காரணம். ‘அபாத்திரமாய்’ இதில் பங்கு பெறுகிறவன் தனக்கே தண்டனையைத் தேடிக்கொள்கிறான் என்ற எச்சரிக்கை அங்கே இருக்கிறது.

தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பது நல்லதுதான். பவுலும் அதைச் சொல்கிறார். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு முன்னால் அவர் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் திருவிருந்து என்பது வயிறு நிறையச் சாப்பிடும் விருந்தாகவே இருந்தது. கொரிந்து சபையில் வசதியானவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், குடித்து வெறித்தார்கள். ஒன்றும் இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்ட பிறகுதான், பவுல் ‘அபாத்திரம்’ என்ற வார்த்தைக்கே வருகிறார்.

அப்படியானால் அபாத்திரமான பந்தி எது? மனம் கலங்கி, குறையோடு வந்து நிற்கிறவனுடையதா? பக்கத்தில் இருப்பவனைப் பசியோடு நிறுத்தி வைத்துவிட்டுத் தான் மட்டும் நிம்மதியாக வாங்குகிறவனுடையதா? பவுலின் கோபம் இரண்டாமவன் மீதுதான்.

தமிழகத்தின் பந்தித் தகராறு

இந்தக் கோபம் தமிழகத்துக்கு வந்து சேர நீண்ட காலம் ஆனது.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, ‘தத்துவ போதகர்’ ஆனார். மேல்சாதியினர் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவரைப் போன்ற சந்நியாசிகள் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அவர்களுக்கென்று ‘பண்டாரசாமிகள்’ என்ற வேறு குருக்கள் 1640 முதல் வந்தார்கள். ஒரே கிறிஸ்து, இரண்டு வகைக் குருக்கள், இரண்டு பந்திகள்.

சீர்திருத்த சபைகளிலும் இதே கதைதான். தஞ்சாவூர், தரங்கம்பாடி வட்டாரத்து ஆலயங்களில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். திருவிருந்தையும் ஒரு சாரார் வாங்கிய பிறகே மறு சாரார் வாங்கினார்கள். இதை மாற்ற வேண்டும் என்று இளம் மிஷனரிகள் முனைந்தபோது, எதிர்த்து நின்றவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். சாதாரணமானவர் அல்ல, தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த கவிராயர். சாதி என்பது ஊர் வழக்கம், விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெளியிலிருந்து வந்தவர்கள் தமிழர் ஆசாரத்தில் ஏன் கை வைக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. வெள்ளைக்காரர்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட வகையில் அதில் ஒரு நியாயம் தெரியும். ஆனால் ‘ஊர் வழக்கம்’ என்ற சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள், கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள்தான். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். கடிதம் வாசிக்கப்பட்ட ஆலயங்களில் கொந்தளிப்பு. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பாதிரியார் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்ததற்கு மறு ஆண்டு இது. கொடி மண்ணைப் பிடித்துக்கொண்டது. கடிதம் அத்தனை எளிதில் வேர் பிடிக்கவில்லை.

1996 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது தேனி. இந்த மதுரைச் சீமைக்கு 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தது அமெரிக்க மிஷன். 1847-ல் அவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். ‘எனக்குச் சாதி இல்லை’ என்று வாயால் சொன்னால் போதாது. எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். ‘அன்பின் விருந்து’ என்று பெயர் பெற்றது அந்தச் சோதனை. ஊர் ஊராகப் போய் வேதம் சொன்ன உபதேசியார்களிலேயே பலர், அந்த இலைக்கு முன்னால் உட்கார முடியாமல் விலகிப் போனார்கள். பிரசங்கம் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பந்தியில் உட்காரத் தெரியவில்லை!

கத்தோலிக்கத் தரப்பில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தைச் சொல்ல வேண்டும். 1872-ல் கட்டிய அந்தக் கோயிலுக்குக் கால்சட்டை போல இரண்டு கால்கள். இரு பிரிவினரும் தனித்தனிப் பக்கத்தில் நிற்பார்கள். நடுவில் சுவர். பலிபீடம் மட்டும் இருவருக்கும் பொது. 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் வெற்றி கிடைக்கவில்லை. கற்சுவர் அன்றோடு போயிற்று. மனச்சுவர் பல ஊர்களில், ஆலயத்தைத் தாண்டிக் கல்லறைத் தோட்டம் வரை இன்னும் நிற்கிறது என்பதைத் திருச்சபைத் தலைவர்களே மறுப்பதில்லை.

சேர்ந்து வந்த கதையும் உண்டு

பிரிந்த கதை மட்டுமே சொன்னால் அது பாதி உண்மைதான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த போதகர்கள் கூடினார்கள். அநேகமாக எல்லோரும் இந்தியர்கள். தோர்ணக்கல் பேராயராக இருந்த நெல்லைத் தமிழர் வி.எஸ்.அசரியா அதில் முக்கியமானவர். ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டுச் சண்டைகளால் பிரிந்தார்கள், அந்தப் பிரிவினையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை. யார் குரு, யார் கையால் அப்பம் கொடுப்பது என்பதெல்லாம் அதில் பெரிய சிக்கல்கள். 1947 செப்டம்பர் 27-ம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியே இருந்தவர்கள் ஒரே திருவிருந்துக்கு வந்தார்கள். அமெரிக்க மிஷன் வழிவந்த மதுரைச் சீமைச் சபைகளும் அதில் சேர்ந்தன. இன்று அவை மதுரை-ராமநாதபுரம் திருமண்டலம்.

கத்தோலிக்கர்களும் சி.எஸ்.ஐ. மக்களும் இன்னும் ஒரே பலிபீடத்தில் நற்கருணை பெறுவதில்லை. ஒரே தோட்டத்தில் பழம் நறுக்கி, ஒரே தூக்குச்சட்டிச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கோயிலுக்குப் பிரிந்து போகிறார்கள்.

எந்தப் பந்தலின் பழம்?

திருச்சபையின் தொடக்க காலத்தில் எழுந்த ‘திதாகே’ என்ற சிறு நூலில் ஒரு நற்கருணை ஜெபம் இருக்கிறது. மலைகளின் மேல் சிதறிக்கிடந்த தானியம் ஒன்று சேர்ந்து அப்பமானதைப் போல, சிதறிய மக்களும் ஒன்று சேர வேண்டும் என்ற கருத்துடையது அது. அதன் பொருளைக் கம்பத்து விவசாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பந்தலில் இருக்கும்வரை ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு தோட்டம், ஒரு உரிமையாளர், ஒரு விலை. பிழிந்து ரசமாகிவிட்டால் எது கூடலூர்ப் பழம், எது சுருளிப்பட்டிப் பழம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. கோதுமை விளைவதில்லை. அதனால் திருப்பலி அப்பத்துக்கான மாவு வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால், கேரளத்து நசுராணிக் குடும்பங்களில் அரிசியிலேயே அப்பம் செய்யும் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழன் இரவில் புளிக்காத மாவில் செய்யும் ‘பெசகா அப்பம்’ அது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பாலும் கூடவே இருக்கும். ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கு முடிந்து வீடு திரும்பியதும், குடும்பத்தின் மூத்தவர் ஜெபம் சொல்லி அப்பத்தை வெட்டிப் பெரியவர் முதல் குழந்தைவரை எல்லோருக்கும் கொடுப்பார். இது திருச்சபைச் சட்டம் சொல்லும் நற்கருணை அல்ல. வீட்டுச் சடங்குதான்.

அந்தச் சடங்கில் ஒரு முறை இருக்கிறது. அந்த ஆண்டில் மரணம் நடந்த வீட்டில் பெசகா அப்பம் செய்ய மாட்டார்கள். அடுப்பு அன்று அதற்காகப் பற்றாது. ஆனால் அந்த வீடு அப்பம் இல்லாமலும் இருக்காது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் தகுதியானவரா, தயாராக இருக்கிறாரா என்று அந்த இரவில் யாரும் கேட்பதில்லை. அவர் பங்கை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.